ஈசான மூலையில் நின்ற எருக்கலை

மகன்,

கலியாணம் முடியும் வரைக்கும் வாயைத் திறக்காதே என்று உன் அப்பா செவ்வாய்க்கிழமை பின்னேரம் என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டார். திறக்கவில்லை. நேற்றுப் பொன்னுருக்கலுக்கு வந்த அத்தனை பேருக்கும் பல்லைக் காட்டிச் சிரித்தேன், பலகாரம் நீட்டினேன், கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். இன்று வியாழக்கிழமை. வீடு நிறைய நிற்கிற இனசனமெல்லாம் மாலைக்கும் சேலைக்கும் கோட் டி நேஜ் கடைப் பக்கம் போய்விட்டது. நீ கீழே பேஸ்மென்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாய். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். மெதுவாக வாசித்தால்தான் நன்றாக உறைக்கும்.

செவ்வாய்க்கிழமை டோர்வல் எயார்போட்டில் வேலை முடிந்து வேனால் இறங்கி வருகிறேன், றோட்டுக் கரையில் கறுப்புக் குப்பைப் பைகள் வரிசையாகக் கிடந்தன. கலியாண வீட்டுக் குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பின்வளவில் கால் வைத்த பிறகுதான் கண்டேன், வடகிழக்கு மூலை மொட்டை. அன்று காலைவரை என் நெஞ்சளவு உயரத்துக்கு அடர்ந்து நின்ற எருக்கலை ஒன்றுகூட இல்லை. நைலோன் கயிறு சுழன்று வெட்டுகிற அந்தப் புல்லு மெஷின் வேலியோடு சாத்திக் கிடந்தது. நீ வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய உதவி செய்தவன் மாதிரி வந்து நின்றாய். “நாளைக்குக் கன்னிக்கால் நடவேணும் அம்மா, இடம் வேணும்தானே” என்றாய். கன்னிக்கால் என்றால் என்ன, தேரா? தாலிக்குப் பொன் உருக்குகிற அன்று மாப்பிள்ளை வீட்டு ஈசான மூலையில் ஒரு கொப்பை நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஊரில் முள்முருக்கு, இங்கே மேப்பிள். அதற்கு ஒரு சாண் இடம் போதும். ஒரு சாணுக்காக ஒரு தோட்டத்தையா வெட்டுவது என்று கேட்டேன். அப்போதுதான் உண்மை மெல்ல மெல்ல வெளியே வந்தது. “துஷாந்தியின்ர மாமா ஆடி மாசம் வந்து நிக்கேக்க இது எருக்கலையோ எண்டு கேட்டவர் அம்மா. எருக்கலை முளைச்ச வீடு பாழ்வீடு எண்டு சொல்லுவினமாம். பொம்பிளை வீட்டுக்காரர் நாளைக்கு வருவினம். என்ன நினைப்பினம்?”

என்ன நினைப்பார்கள்! உன் வாயில் இருந்து இந்தச் சொல் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லையடா. வேலை உடுப்போடு, தலையில் வலைத் தொப்பியோடு, றோட்டுக் கரையில் குந்தியிருந்து அந்தப் பைகளைக் கிழித்தேன். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரச் சனம் திரை விலக்கிப் பார்த்தது. பார்க்கட்டும். பைக்குள் வெந்த இலையின் மணம், கையெல்லாம் பால். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட அந்தப் புழுக்கள் பாதிப் பாதியாகக் கிடந்தன. சில இலையோடு ஒட்டி நசிந்து கிடந்தன. உயிரோடு சுருண்டு கிடந்ததுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். போட்டு வைக்க ஒன்றும் அகப்படவில்லை, பயற்றம்பணியாரம் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு அதற்குள் போட்டு, மேலே நுளம்பு வலையைக் கட்டினேன். நேற்றுக் காலையில் உன் அத்தை பணியாரம் என்று வலையை நீக்கிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் அடுப்பில் நின்ற பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று ஆரோ சொன்னார்கள். கோபத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்றும் தெரியாமல் நீ செய்திருந்தால் எனக்கு இவ்வளவு பற்றி எரியாது. உன் அப்பாவோ, உன் அத்தையோ வெட்டியிருந்தால், விசர்ச் சனம் என்று இரண்டு ஏச்சு ஏசிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்தச் செடியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நீ. பள்ளிக்கூடத்தில் மதாம் தந்தவ என்று ஒரு காய்ந்த காயைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். உடைத்தால் உள்ளே பஞ்சும் விதையும். நான் கண்ட உடனே, இது எருக்கலை இனமெல்லோ, வீட்டில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். ஓம், சொன்னது நான்தான். நீ கேட்டாயா? உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். “அம்மா, மொனார்க் வண்ணத்துப்பூச்சி வேற ஒரு இலையிலயும் முட்டை போடாது. இது இல்லாட்டி அதுக்கு உலகத்தில வேற சாப்பாடே இல்லை” என்று காலை உதைத்து அழுது, நீயே மண்ணைக் கிண்டி விதைத்தாய். இலையைத் திருப்பிப் பார்க்க எனக்குப் பழக்கியவன் நீ. இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவில் ஒரே ஒரு முட்டை, அடுத்த இலையில் இன்னொன்று என்று அந்தப் பூச்சி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைக்கிறதைச் சாப்பாடும் மறந்து நின்று எனக்குக் காட்டினாய்.

இரண்டு வருஷம் கழித்து நகரசபை ஆள் வந்தான், நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்து, களையை வெட்டச் சொல்லி வந்தவன். எனக்கு அப்போது பொன்ஜூருக்கும் மெர்சிக்கும் மேலே பிரெஞ்சு தெரியாது. உன் அப்பாவுக்கு அதுவும் தெரியாது. அரசாங்க உடுப்பைக் கண்டால் எங்களுக்கு அந்த நாளில் பயம், எங்கே எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. உன் அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டப் போய்விட்டார். நீதான் ஓடிப் போய்ச் செடிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாய். ஒரு முழக் காற்சட்டை, மூக்கால் ஓடுகிறது. அந்த ஆளை அண்ணாந்து பார்த்துப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாய். என்ன சொன்னாய் என்று எனக்கு விளங்கவில்லை, மொனார்க், மெக்சிக்கோ என்ற இரண்டு சொல்தான் விளங்கியது. கடைசியில் அவன் முழந்தாளிட்டு, நீ காட்டிய புழுவைத் தன் விரலில் ஏற்றிப் பார்த்துவிட்டு, வேலியோரத்தை மட்டும் ஒழுங்காக வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அன்று முழுக்க நிலத்தில் நடக்கவில்லை. வேலைத்தலத்தில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னேன். என் பிள்ளைக்குப் பயமில்லை, இந்த நாட்டில் அவன் பிழைத்துக்கொள்ளுவான் என்று சொன்னேன்.

அந்தப் பிள்ளை எங்கே? அவனைத்தான் நான் செவ்வாய்க்கிழமையில் இருந்து தேடுகிறேன்.

இது என்ன மாதம் என்றாவது யோசித்தாயா? ஆனியிலோ ஆடியிலோ வெட்டியிருந்தால் திருப்பித் தழைத்திருக்கும், இன்னொரு பூச்சி வந்து முட்டை வைத்திருக்கும். இது ஆவணி. இப்போது இலையில் கிடக்கிற புழுக்கள்தான் தெற்கே பறக்கிற பிள்ளைகள் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் நீதான். வேனிலில் பிறக்கிறதுகள் சில கிழமை இருந்து, சோடி சேர்ந்து, முட்டை வைத்துச் செத்துப் போகும். கடைசியாக வருகிறதுகள் அப்படி இல்லை. அதுகள் சோடி தேடாது. தேன் குடித்து உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, சூரியனைப் பார்த்துத் திசை பிடித்துப் பறக்கும். ஒரு நாளும் காணாத மெக்சிக்கோ மலைக்கு, ஒரு நாளும் காணாத மரத்துக்கு. வழிகாட்டப் போய்வந்த ஒருவரும் உயிரோடு இல்லை. அங்கே கொப்பு வளைய ஒன்றோடு ஒன்று அணைந்து தொங்கிக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மாசி பங்குனியில் வடக்கே திரும்பும். அதுவும் இங்கே வந்து சேராது. வழியில் முட்டை வைத்துச் செத்துப் போகும், பிள்ளை கொஞ்சத் தூரம் வரும், பேரப்பிள்ளை இன்னும் கொஞ்சத் தூரம். எங்கள் வளவுக்கு வந்து சேருகிறது, போனதின் பூட்டப்பிள்ளை. நான் மெக்சிக்கோ போகிற பிளேன்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள். குளிருக்குத் தப்பி ஓடுகிற சனம் கோழியா மீனா என்று கேட்டுத் தின்றுகொண்டு போகிற தூரத்தை இது ஒரு கடதாசித் துண்டளவு செட்டையால் போகிறது. தட்டு அடுக்கும்போது ஒவ்வொரு புரட்டாதியும் நான் அதை நினைக்கிறேன். அதுகளின் ஒரு கூட்டத்தைத்தான் நீ பையில் கட்டிக் குப்பை லொறிக்கு வைத்தாய்.

உன் அப்பா சொல்லுகிறார், வேர் கிடக்குத்தானே, வருகிற வருஷம் முளைக்கும் என்று. முளைக்கும். எருக்கலைக்கு வருகிற வருஷம் இருக்கிறது, இந்தப் புழுக்களுக்கு இல்லை. ஒரு மூலைச் செடியால் என்ன வரப் போகிறது என்றும் கேட்கிறார். ஆற்றுக்குத் தெற்குக் கரையில் சோளக்காரன் மருந்தடித்து வயலோரத்து எருக்கலையைக் கொல்லுகிறான். அவனைக் கேட்டால் என் ஒரு வயலால் என்ன என்பான். நகரசபை றோட்டோரத்தைச் சிரைக்கிறது, கேட்டால் ஒரு றோட்டால் என்ன என்னும். மெக்சிக்கோவில் மரம் தறிக்கிறவனும் ஒரு மரத்தால் என்ன என்றுதான் சொல்லுவான். அவனுக்காவது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். உனக்கு என்ன வந்தது?

பிறகு உன் அப்பா பெரிய கதை ஒன்று சொன்னார். “வன்னியில சனம் குண்டுக்க நிண்டு சாகுது. நீ இஞ்ச புழுவுக்கு அழுறாய்” என்றார். எனக்கு நெருப்பு எடுத்தது. என் தம்பி குடும்பம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் நான். அதற்கும் அழுகிறேன். ஒன்றுக்கு அழுதால் மற்றதுக்குக் கண்ணீர் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது? அங்கே சாகிறதை என்னால் நிறுத்த முடியவில்லை. இது என் வளவு, என் கை எட்டுகிற இடம். இதையும் காப்பாற்ற முடியாதென்றால் நான் பிறகு என்னத்துக்கு?

இனி நேற்று நடந்ததைக் கேள். நீ மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு சாமி அறையில் இருந்தாய், உனக்கு இது தெரியாது. பொன் உருகித் தட்டில் விழுந்து, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு முடிய, துஷாந்தியின் மாமா கோப்பிக் கோப்பையோடு பின்வளவுக்கு வந்தார். நான் கன்னிக்காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். மனிசன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எங்க தங்கச்சி, உதில நிண்ட எருக்கலையள்?”

“வெட்டியாச்சு அண்ணை” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“ஐயையோ! ஏன் வெட்டினனியள்? நான் எவ்வளவு ஆசையோட வந்தனான். அண்டைக்கு அந்தப் பூவைக் கண்ட நேரம் தொடக்கம் எனக்கு அதே நினைப்பு. எருக்கம்பூ மாலை போட்டு எத்தினை வருஷம்! இஞ்சத்தையதும் எங்கட எருக்கலையின்ர சொந்தம் போல கிடக்கு, பிள்ளையாருக்குக் கட்டிப் போடலாமோ எண்டு ஐயரிட்டயும் கேட்டனான். வாற வருஷம் எங்கட வளவில வைக்க ஒரு காய் கேப்பம் எண்டு வந்தனான் தங்கச்சி.”

செம்பைக் கீழே வைத்தேன். நான் அவரைப் பார்க்க, அவர் அந்த மொட்டை நிலத்தைப் பார்த்தார். “எருக்கலை வீட்டுக்கு ஆகாதெண்டு நீங்கள் சொல்லேல்லையே?” என்று கேட்டேன். “உன்னாணைச் சத்தியமா இல்லை. நான் எருக்கலையோ எண்டு கேட்டன், அவ்வளவுதான். உங்கட பெடியன் பதில் சொல்லாமல் உள்ளுக்குப் போயிட்டார்” என்றார்.

விளங்குகிறதா மகன்? ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நீ பயந்தாய், சொல்லாத சொல்லுக்கு நீ பணிந்தாய். ஓம், இதை நட்டது நான், பன்னிரண்டு வயதில் இதற்காக நகரசபைக்காரனோடு வாதாடினேன் என்று அந்த மனிசனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உன்னைத் தோளில் தூக்கி வைத்து ஆடியிருப்பார். நீ என்னவென்றால் ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கி, நான் வேலைக்குப் போகிற நேரம் பார்த்து மெஷினை எடுத்தாய்.

உன்னில் இந்தக் குணம் வளர்ந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எல்லோருக்கும் நல்ல பிள்ளை. லொங்குய்யில் உன் வேலைக் கந்தோரில் உனக்கு ஒரு எதிரி இல்லை. கோயிலில் எல்லோரும், தங்கமான பெடியன் என்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் ஓம், ஓம். அந்தப் புழுவைப் பார். அது எருக்கலைப் பாலைத் தின்று தன் உடம்பைக் கசப்பாக்கி வைத்திருக்கிறது. ஒரு குருவி கொத்தினால் சத்தி எடுத்துவிட்டு மற்ற முறை கிட்டவும் வராது. உன்னில் ஒரு சொட்டுக் கசப்பு இல்லையே! நாளைக்குத் துஷாந்திக்காக நீ யாரிடமாவது முகம் முறித்து ஒரு கதை கதைக்க வேண்டி வரும். வாடகை வீட்டுக்காரனோடு வரும், அவள் வேலைத்தலத்தோடு வரும், சிலவேளை என்னோடும் வரும். அப்போதும் இப்படித்தான், என்ன நினைப்பினம் என்று அவளை வெட்டிப் பையில் கட்டுவாயா?

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் கலியாணத்துக்குப் பிறகு வந்திருக்கும். இன்று காலை துஷாந்தி டெலிபோன் எடுத்தாள். அந்த மாமா நேற்றே போய்ச் சொல்லியிருக்கிறார்.

“மாமி, நீங்கள் வேலையோ? ஒண்டு கேக்கலாமோ?” என்றாள்.  “அந்தச் செடியளை நீங்களே வெட்டச் சொன்னனீங்கள்? இவர் அப்பிடித்தான் சொல்லுறார். கலியாண வீட்டுக்கு ஆகாது, வெட்டு எண்டு நீங்கள் நிண்ட நிலையில நிண்டனீங்களாம். தான் எவ்வளவோ சொல்லிப் பாத்தவராம். எனக்கு நம்ப ஏலாமல் கிடக்கு மாமி. சென்ட் லோரன்டில நாங்கள் போகப்போற வீட்டு பல்கனிக்கு ரெண்டு செடி தாறன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

 உன் மொனார்க் கதைகளைச் சொல்லிச் சொல்லித்தானே அவளை மயக்கினாய்? அவளை இந்த வளவுக்குக் கூட்டிவந்து, இலையைத் திருப்பி முட்டை காட்டினாயே. அவளிடம் உன் முகம் கறுத்துவிடக் கூடாது என்று என் முகத்தில் கரி பூசினாய். பன்னிரண்டு வயதில் எங்களுக்காகக் கதைத்த வாயால்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஓம் பிள்ளை, நான்தான் சொன்னனான்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன்னைப் பெற்ற நாளில் இருந்து வந்த பழக்கம், அடி விழுந்தால் குறுக்கே நிற்கிற பழக்கம். அவள் “சரி மாமி” என்று வைத்துவிட்டாள். அந்தச் சரியை நீ கேட்டிருக்க வேண்டும்.  உன்னில் இருக்கிற கோபம் பாதி, என்னில் இருக்கிற கோபம் பாதி. இரண்டும் சேர்ந்துதான் இதை எழுதுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடிய நீங்கள் இரண்டு பேரும் என் காலில் விழுவீர்கள். அவளைத் தூக்கி நிமிர்த்தி நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உன் பொய் நிற்கக் கூடாது. நின்றால், மணவறையிலேயே, ஐயருக்கும் வீடியோக்காரனுக்கும் முன்னால் அவளுக்கு நான் உண்மையைச் சொல்லுவேன். உன் அப்பா தலையில் அடித்துக்கொள்ளுவார், சபை சிரிக்கும். சிரிக்கட்டும். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

பொன்னுருக்கிய பிறகு தாலி கட்டும் வரைக்கும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகம் பார்க்கக் கூடாது என்பதுதான் வழக்கம். கதைக்கக் கூடாது என்று எந்த வழக்கத்திலும் இல்லை. அவளுக்கு டெலிபோன் எடு. வெட்டினது நான், சொன்னது நான், பயந்தது நான், அம்மாவில் பழி போட்டது நான் என்று சொல்லு. அவள் ஏசுவாள். ஏச்சை வாங்கு. கலியாணம் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லட்டும், அது அவளின் உரிமை. இப்போது தெரிந்துகொண்டு சொல்லுகிற வேண்டாம், பத்து வருஷம் கழித்துச் சொல்லுகிறதை விட நல்லது.

கதைத்து முடிந்ததும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேலே வா. பணியாரப் பெட்டிக்குள் இலை தீர்ந்துவிட்டது. ஒரு புழு நேற்று வலையில் தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடாகிவிட்டது, விளிம்பில் பொன் பொட்டுகள். மற்றதுகள் இன்னும் தின்ன வேண்டும். பெரிய மின்கம்பிகள் போகிற வெட்டையில், நகரசபை மெஷின் எட்டாத பள்ளத்தில் இன்னும் கொஞ்ச எருக்கலை நிற்கிறது. அங்கே போய்ப் பிஞ்சு இலையாகப் பார்த்து ஆய்ந்துகொண்டு வா, முட்டை இருக்கிற இலையைத் தொடாதே. கன்னிக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை படலை தாண்டக் கூடாது என்று உன் அப்பா வழி மறிப்பார். அம்மாதான் போகச் சொன்னவ என்று சொல்லு. இந்த முறை அது உண்மையாக இருக்கும்.

அம்மா